பரம்பரை இதயநோயும் தக்தீரும்



சென்ற ஷஃபான் மாதத்தில் எங்கள் ஊரில் ஒரு ஜனாஸா. மௌத்தானவருக்கு வயது 46. மையவாடியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவருடைய மச்சான் என் தோளில் கைவைத்துச் சொன்னார்: “என்ன செய்ய ஹஜ்ரத், இவங்க வாப்பாவும் அம்பதைத் தாண்டலே, பெரியவாப்பாவும் தாண்டலே. அந்தக் குடும்பத்துக்கு அப்படித்தான் எழுதியிருக்கு.” சுற்றி நின்றவர்கள் ஆமோதித்தார்கள். நானும் தலையசைத்தேன்.

வீட்டிற்கு வந்த பின்புதான் அந்தத் தலையசைப்பு என்னை உறுத்தத் தொடங்கியது. மௌத்தானவருக்கு மூன்று ஆண்மக்கள். மூத்தவன் எங்கள் மதரஸாவில் ஓதுகிறான்; வயது 17. அந்தக் குடும்பத்திற்கு எழுதியிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டபோது, இரண்டடி தள்ளி, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடாமல் அவன் நின்றுகொண்டிருந்தான். மார்க்கம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் முன்னிலையில், மார்க்கத்தின் பெயரால், அவனுக்கு ஒரு தீர்ப்பு வாசிக்கப்பட்டது. அதை நான் மறுக்கவில்லை.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் வாப்பா 52 வயதில், சுபுஹுக்கு ஒளூச் செய்ய எழுந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். சாச்சாவுக்கு 49. நாற்பதைக் கடந்து மூன்று ஆண்டுகள்வரை நான் ஒருமுறைகூட இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் தவக்குல் என்று சொன்னேன். உண்மையில் அது பயம்.

அந்த மச்சான் சொன்ன வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு ஆண்டுக்கணக்கில் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு கிழிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, வழி அடைபடுகிறது. பெரும்பாலான மாரடைப்புகள் இவ்வாறே நேர்கின்றன. இந்தப் படிவு யாருக்கு விரைவாக வளரும், யாருக்கு மெதுவாக வளரும் என்பதில் பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சுவீடன் நாட்டு இரட்டையர் சுமார் 21,000 பேரை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1994இல் வெளியானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த ஆண் இரட்டையரில் ஒருவர் 55 வயதிற்குள் இந்நோயால் இறந்திருந்தால், மற்றவருக்கும் அதே நோயால் மரணம் நேரும் ஆபத்து எட்டு மடங்காக இருந்தது. இரு வேறு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையரில் அது ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே காற்று. எனினும் மரபணு ஒற்றுமை கூடும்போது ஆபத்தும் கூடியது. முதுமையில் நேர்ந்த மரணங்களில் இந்த வேறுபாடு குறைந்துபோனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதாவது, இளவயது மாரடைப்பில்தான் பரம்பரையின் கை அதிகம்.

மரபணு மாறுபாடு என்றால் என்ன? ஓதிய பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வதுண்டு. அரபு எழுத்துகளில் பே, தே, ஸே மூன்றுக்கும் உருவம் ஒன்றே, புள்ளிகள்தாம் வேறு. பழைய காலத்தில் கிதாபுகளைக் கையால் பிரதி எடுத்தவர் ஒரு புள்ளியை இடம் மாற்றி வைத்தால் சில இடங்களில் ஒன்றும் ஆகாது. சில இடங்களில் பொருளே திரும்பிவிடும். மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு தொகுதி இருக்கிறது. எந்த மனிதரை எடுத்துக்கொண்டாலும், ஆய்வாளர்கள் ஒப்பீட்டிற்காக வைத்திருக்கும் தொகுதியிலிருந்து அவருடையது 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடும். ஆக, மாறுபாடு என்பது குறைபாட்டின் மறுபெயர் அன்று. நம் நிறமும் உயரமும் முகமும் வேறுபடுவது அதனால்தான். மிகச் சில புள்ளிகளே இதயத் தமனிகளின் கணக்கை மாற்றுகின்றன.

அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று ஒன்பதாம் குரோமோசோமில், 9பி21 என்று குறிக்கப்படும் இடத்தில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டில் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே தேடி, இதே இடத்தில் வந்து சந்தித்தன. ஐரோப்பிய வம்சாவளியினரில் கால்வாசிப் பேர் இதன் ஆபத்தான வடிவத்தைத் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரட்டையாகச் சுமக்கின்றனர். இது கொலஸ்ட்ராலையும் கூட்டுவதில்லை, இரத்த அழுத்தத்தையும் கூட்டுவதில்லை. தமனிச் சுவரிலேயே வேலை செய்வதாகத் தெரிகிறது. ஆயினும் இதனால் கூடும் ஆபத்து மிதமானதே. கால்வாசி மக்களிடம் உள்ள ஒன்றை ஒரு குடும்பத்தின் சாபம் என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கு முற்றிலும் வேறான இன்னொரு வகை இருக்கிறது. நம் சமுதாயம் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்று நான் கருதுகிறேன். கல்லீரலின் உயிரணுக்கள்மேல் கொக்கிகள்போலச் சில புரதங்கள் உள்ளன. இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ராலை அவை பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்தக் கொக்கியைச் செய்யும் மரபணுவில் ஒரு பிரதி பழுதாகிவிட்டால், பாதிக் கொக்கிகளே வேலை செய்யும், எல்.டி.எல். பிறந்த நாள் முதலே மிகுந்திருக்கும். குடும்பவழி உயர்கொலஸ்ட்ரால் என்று இதைச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஜும்ஆவுக்கு 500 பேர் கூடும் பள்ளிவாசலில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒல்லியாக இருக்கலாம். எண்ணெய்ப் பண்டத்தைத் தொடாதவர்களாகக்கூட இருக்கலாம். கண்ணிமையில் மஞ்சள் படிவு, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரில் தடிப்பு, நாற்பதுக்குள்ளேயே கருவிழியைச் சுற்றி ஒரு வெண்வளையம் என்று சிலரிடம் அடையாளம் தெரியும். பலரிடம் எதுவும் தெரியாது. முதல் அடையாளமே மாரடைப்பாக இருக்கும்.

இந்நோய் குடும்பங்களில் இறங்கும் விதத்தைத் தெளிவாக்கியவர்களில் ஒருவர் பெய்ரூத்தில் பணியாற்றிய மருத்துவர் கச்சதூரியன். லெபனான் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து 1964இல் அவர் எழுதினார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுது வந்த பிள்ளைகள் ஒரு வகை. இருவரிடமிருந்தும் வந்தவர்கள் மிகக் கடுமையான வேறொரு வகை. அந்தக் கொக்கி எது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஆய்வு செய்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்னும் இருவர். 1985இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் இன்று மூலைமுடுக்கு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் ஸ்டாடின் மாத்திரை, கல்லீரலை அந்தக் கொக்கிகளை அதிகமாக உண்டாக்கச் செய்வதன் வழியே வேலை செய்கிறது. அம்மருந்தின் மூலப்பொருளை முதன்முதலில் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தவர் அகிரா எண்டோ என்னும் ஜப்பானியர். அல்லாஹ் தன் அருட்கொடைகளை எங்கெங்கோ வைத்திருக்கிறான்.

இங்கே ஒரு ஹதீஸ் நினைவிற்கு வருகிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வருவது. கிராமவாசி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுப்பு நிறத்தில் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றிருப்பதாகச் சந்தேகத்தோடு முறையிட்டார். நபியவர்கள் அவருடைய ஒட்டகங்களைப் பற்றி விசாரித்தார்கள். சிவப்பு ஒட்டகங்கள் என்றார் அவர். அவற்றில் சாம்பல் நிறத்தது ஏதும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, ஏதோ ஒரு வேர் அதை இழுத்திருக்கலாம் என்று அவரே சொன்னார். உம் மகனையும் அவ்வாறே ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்று நபியவர்கள் விளக்கினார்கள். வேர் என்று நான் எழுதிய இடத்தில் அரபு மூலத்தில் இருக்கும் சொல் ‘இர்க்’. மரத்தின் வேருக்கும் அதே சொல், வம்சத்திற்கும் அதே சொல், உடலின் இரத்தக் குழாய்க்கும் அதே சொல்.

இதை வைத்து, மரபணுவியல் முழுவதும் ஹதீஸில் உள்ளது என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஹதீஸின் நோக்கம் ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பது. ஆதாரமின்றிச் சந்தேகப்பட்டுக் குழந்தையின் வம்சத்தை மறுப்பதைத் தடுப்பது. ஆனால் ஒன்று உறுதி. முன்னோரின் தன்மை பல தலைமுறை மறைந்திருந்து பின்னர் வெளிப்படும் என்பதை ஏற்பது நம் மார்க்கத்திற்கு அந்நியமானதன்று. ஆகவே, பரம்பரை நோய் என்று மருத்துவர் சொன்னால் அதை ஈமானுக்கு எதிரான பேச்சாகக் கருதி முகம் சுளிக்கத் தேவையில்லை.

இனி அந்த வாக்கியத்தின் மறுபாதி. எழுதியிருக்கிறது, ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது.

மருத்துவ ஆதாரத்தையே முதலில் பார்ப்போம். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு 55,000க்கும் மேற்பட்டோரை எடுத்துக்கொண்டது. இதயத் தமனி நோயோடு தொடர்புடைய 50 மரபணு மாறுபாடுகளை எண்ணி அவர்களைத் தரம் பிரித்தார்கள். மரபணு ஆபத்து மிக்க பிரிவினருக்கு, ஆபத்து குறைந்த பிரிவினரைவிட ஏறத்தாழ இரு மடங்கு நோய் வந்தது. பரம்பரையின் கை அந்த அளவுக்கு வலியது. ஆயினும் அதே ஆபத்து மிக்க பிரிவினருக்குள்ளேயே புகைக்காமை, உடற்பருமன் இன்மை, வாரந்தோறும் உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் மூன்றையேனும் கடைப்பிடித்தவர்களுக்கு, இவற்றில் அக்கறை காட்டாதவர்களைவிட 46 சதவீதம் குறைவாகவே நோய் வந்தது. எழுத்து அதே எழுத்துதான். முடிவு வேறாக இருந்தது.

மேலே சொன்ன 9பி21 பற்றியும் 2011இல் ஒரு செய்தி வந்தது. காய்கறிகளும் பழங்களும் மிகுதியாக உண்பவர்களிடம் அந்த மாறுபாட்டின் தீமை பெரிதும் மங்கிவிடுகிறது என்பதே அது. அதற்கான தரவுகளின் பெரும்பகுதி இன்டர்ஹார்ட் என்னும் ஆய்விலிருந்து கிடைத்தது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து, 2004இல் வெளியான ஆய்வு அது. முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கை, அளந்து மாற்றக்கூடிய ஒன்பது காரணிகளே விளக்குகின்றன என்று அது காட்டியது. அதே ஆய்வு நம்மைப் பற்றியும் பேசுகிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. நாம் ஆறு ஆண்டுகள் முந்திக்கொள்கிறோம்.

மரபணு மாறுபாடு எப்போதும் பகையாகவே வருவதும் இல்லை. பி.சி.எஸ்.கே.9 என்றொரு மரபணு இருக்கிறது. முன்னே சொன்ன கல்லீரல் கொக்கிகளை அழிப்பதே அதன் வேலை. சிலருக்குப் பிறவியிலேயே அது வேலை செய்வதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இத்தகையோர். அவர்களுடைய எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு. இதயத் தமனி நோயோ 88 சதவீதம் குறைவு என்று 2006இல் கண்டார்கள். அந்த இயற்கையைப் பார்த்துப் படித்தே, ஊசி வடிவில் ஒரு மருந்து உருவாக்கப்பட்டு, 2015 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஒருவருக்கு அல்லாஹ் பிறப்பிலேயே கொடுத்த பாதுகாப்பு, இன்னொருவருக்கு மருந்தாகக் கிடைக்கிறது.

இனி மார்க்கத்திற்கு வருவோம். உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணம் செய்தபோது, ஸர்ஃக் என்னும் இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. ஆலோசனை செய்து திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்பது உமர் அவர்களின் பதில். பின்னர் ஒரு பள்ளத்தாக்கின் பசுமையான கரையையும் வறண்ட கரையையும் உவமையாகச் சொன்னார்கள். ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது விதிப்படியே. ஆனால் அறிவுள்ள மேய்ப்பவர் பசுமையான கரையைத் தேர்ந்தெடுப்பார். இந்த வரலாற்றை நாம் கொரோனா காலத்தில் எல்லா மிம்பர்களிலும் கேட்டோம். மாரடைப்பு என்று வந்தவுடன் மறந்துவிடுகிறோம். தொற்றுநோய்க்கு ஒரு தக்தீர், தொற்றாத நோய்க்கு வேறொரு தக்தீர் என்று எந்த அகீதா கிதாபிலும் நான் படித்ததில்லை.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் அவருடைய நெஞ்சில் கைவைத்துப் பார்த்து, அது இதயநோய் என்று கூறி, ஸகீஃப் குலத்தின் மருத்துவரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லச் சொன்னதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரைப் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது; ஆகவே அதன்மேல் பெரிதாக எதையும் நான் கட்டவில்லை. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற நபிமொழிக் கட்டளை பல உறுதியான வழிகளில் வந்திருக்கிறது. மருந்தை நாடுவது தவக்குலுக்கு முரணானதன்று என்பதை இமாம் இப்னுல் கய்யிம் அவர்கள் விரிவாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். ஹிஜாமாவும் தேனும் கருஞ்சீரகமும் நம் வீடுகளில் இருக்கட்டும். எல்.டி.எல். 200ஐத் தாண்டிய ஒருவர் அவற்றைக் காட்டி மாத்திரையை நிறுத்துவதை நான் சுன்னத் என்று சொல்ல மாட்டேன். நோன்பு காலத்தில் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அது பெரிய பிரச்சினையே இல்லை.

உண்மையான பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. நாம் மறைக்கிறோம்.

பெண் பார்க்க வரும்போது வாப்பாவுக்கு வைத்த ஸ்டென்ட் பேச்சில் வராது. பைபாஸ் தழும்பு சட்டைக்குள் போய்விடும். ‘சின்னதா ஒரு வாயுப் பிடிப்பு, இப்போ நல்லா இருக்காங்க’ என்பதோடு முடிந்துவிடும். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த ஹதீஸைச் சிறுபிள்ளைகளுக்குக்கூட நாம் கற்பிக்கிறோம். தானியத்திற்கு உள்ள நியாயம் நிக்காஹ் பேச்சிற்கு இல்லையா?

ஆயினும் மறைப்பவர்களை மட்டும் குறைசொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் சம்பந்தம் முறிகிறது; அதனால்தான் மறைக்கிறார்கள். எங்கள் மஹல்லாவில் ஒரு சகோதரிக்கு, அவருடைய வாப்பாவும் காக்காவும் இதயநோயாளிகள் என்ற ஒரே காரணத்தால் இரண்டு பேச்சுகள் நின்றுபோயின. நின்ற வீடுகளில் ஒன்றிலேயே அடுத்த ஆண்டு ஆஞ்சியோகிராம் நடந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தந்தையின் தமனி அடைப்பு மகளின் குறை ஆகாது. பரம்பரை ஆபத்து என்பது அவரவர் தம் பிள்ளைகளை எச்சரிக்கையோடு வளர்ப்பதற்கான செய்தி. அதை நிராகரிப்பிற்கான காரணமாக்குகிறவர், மறைப்பவரைவிடப் பெரிய தவறு செய்கிறார் என்பது என் கருத்து.

ஓர் இடத்தில் மட்டும் சற்று நின்று யோசிக்க வேண்டும். அது சொந்தத்திற்குள் செய்யும் திருமணம். சகோதரி மகளை மணப்பது நமக்கு ஹராம்; மாமன் மகள், மாமி மகள், சாச்சா மகள் ஆகுமானவர்கள். நபி (ஸல்) அவர்கள் மணந்த ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் அவர்களுடைய மாமி மகளே. ஆகவே இதை யாரும் இழிவாகப் பேச வேண்டாம். ஆனால் ஆகுமானது என்பது கட்டாயம் என்று பொருள்படாது. ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் தம் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். இருவருக்கும் குடும்பவழி உயர்கொலஸ்ட்ரால் இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு பிரதிகளும் பழுதாக அமைவதற்கு உண்டு. அத்தகைய குழந்தைக்குப் பத்து வயதிலேயே முழங்கையிலும் விரல் மூட்டிலும் கொழுப்புக் கட்டிகள் தோன்றலாம். பருவ வயதிலேயே மாரடைப்பு வரலாம். இரு வீட்டிலும் இளவயது மாரடைப்பு இருந்தால், நிச்சயத்திற்கு முன் இருவரும் ஒரு கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்வதில் என்ன இழிவு? மஹர் பேசும் நேரத்தில் பத்து நிமிடம் போதும்.

இதில் ஒரு வியப்பான மறுபக்கமும் உண்டு. பாகிஸ்தானில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. அங்கே உறவுத் திருமணம் அதிகம் என்பதாலேயே ஆய்வாளர்கள் அந்நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு மீனவக் கிராமத்தில் கணவர், அவருடைய சாச்சா மாமா வழி உறவான மனைவி, ஒன்பது பிள்ளைகள் ஆகிய அனைவருக்கும் ஏ.பி.ஓ.சி.3 என்ற மரபணு முற்றிலும் செயலற்று இருந்தது. கொழுப்பு மிக்க உணவை உண்டாலும் அவர்கள் இரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறவில்லை. நெருங்கிய உறவு தீமையை இரட்டிப்பாக்குவதுபோல, சில நேரங்களில் நன்மையையும் இரட்டிப்பாக்குகிறது. எந்த வீட்டில் எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

பரிசோதனை என்றதும் எச்சில் அனுப்பினால் எதிர்காலம் சொல்லும் விளம்பரங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம். அத்தகைய மரபணு மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவுகளைக்கொண்டு அமைக்கப்பட்டவை. நம்மவர்களுக்கு அவற்றின் துல்லியம் குறைவு. நமக்கு முதலில் வேண்டியது அக்கம்பக்கத்து ஆய்வகத்திலேயே கிடைக்கும் கொலஸ்ட்ரால் பரிசோதனை. அதோடு வாழ்நாளில் ஒருமுறை லிப்போபுரோட்டீன் ஏ என்னும் அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. 1963இல் நார்வே நாட்டவர் ஒருவர் கண்டறிந்த இந்தத் துகளின் அளவை ஏறத்தாழ முழுவதுமாக மரபணுவே தீர்மானிக்கிறது. பத்தியமும் நடைப்பயிற்சியும் இதை அசைப்பதில்லை. எனக்கு இது மிகுதியாகவே வந்தது. அதைக் கேட்ட மருத்துவர், இதைக் குறைக்க முடியாது, ஆகவே மற்ற எல்லாவற்றையும் குறையுங்கள் என்றார். இப்போது சுபுஹுக்குப் பின் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். இரவில் ஒரு மாத்திரை. வலீமாக்களில் இரண்டாம் முறை நெய்ச்சோறு வைக்க வருபவரைத் தடுக்கும் கலையை இன்னும் முழுமையாகக் கற்கவில்லை.

இவை அனைத்திற்கும் முந்தியது, செலவே இல்லாத ஒரு வேலை. வாப்பா அல்லது உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதிற்குள், உம்மா அல்லது உடன்பிறந்த பெண்ணுக்கு 65 வயதிற்குள் இதயநோய் வந்திருந்தால், அதை இளவயது நோயாக மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நம்மில் எத்தனை பேர் உடனே பதில் சொல்ல முடியும்? ஐந்து தலைமுறை வம்சத்தை மனப்பாடமாகச் சொல்பவர்களுக்கும், அவர்கள் எதனால் மௌத்தானார்கள் என்பது தெரியாது. பெண்களின் மரணமோ இன்னும் மோசம். நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உம்மாவிடம் உட்கார்ந்தபோது, வாப்பா வழியை மளமளவென்று சொன்னார்கள். தம் சொந்த ராத்தாவைப் பற்றிக் கேட்டபோது, “அவங்களுக்கு வாயுதான், ஓமத் தண்ணி குடிச்சிட்டுப் படுத்தவங்க எழுந்திரிக்கலே” என்றார்கள். வயது கேட்டேன். நாற்பத்தி நாலோ அஞ்சோ என்றார்கள். நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் அது வாயு.

அந்த ஜனாஸா வீட்டிற்கு வருகிறேன். அவர்களின் அனுமதியோடு எழுதுகிறேன். இத்தாவில் இருந்த அந்தச் சகோதரியிடம் என் மனைவியை அனுப்பிப் பேசச் சொன்னேன். முதலில் அழுதார்கள், பிறகு பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்தார்கள். மூத்தவனுக்கு எல்.டி.எல். 238 வந்தது. ஒல்லியான பையன்; பந்து விளையாடுகிறவன். மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்டு, குதிகாலைத் தொட்டுப் பார்த்து, அன்றே மாத்திரை எழுதினார். திரும்பி வரும் வழியில் பேருந்தில் அவன் என்னிடம் கேட்டான்: “ஹஜ்ரத், எழுதியிருக்குன்னு மச்சான் மாமா சொன்னாங்களே?” மாத்திரைச் சீட்டு அவன் கையில் இருந்தது. இதுவும் எழுதியிருந்ததுதான் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, வாப்பாவுக்கும் இதை யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாமே என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நடுப்பிள்ளைக்கு அளவுகள் சரியாக இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். கடைசிப் பிள்ளைக்கு வயது 9. அடுத்த மாதம் அவனை அழைத்துச் செல்ல வேண்டும். ஊசி என்றால் பயப்படுவான் என்று மூத்தவன் சொன்னான். தானும் கூட வருகிறானாம்.